மைதானம் யார் கையில்?

'வெளையாட்டுல ஏதுங்க சாதி?' என்று கேட்பவர்கள் நம் மத்தியிலும் இருக்கிறார்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர் வந்தனா கட்டாரியா. சில நாளில் அரையிறுதியில் அணி தோற்றது. ஹரித்துவார் பக்கம் ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டுக்கு முன்னால் பட்டாசு வெடித்து, தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று ஏசினார்கள் என அவர் குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. கேட்பவர்களுக்கு இந்தப் பதில் போதும். நாம் இன்னும் கொஞ்சம் தோண்டுவோம்.

லண்டனுக்குத் தென்கிழக்கே பிளாக்ஹீத் என்று ஒரு பழைய ஹாக்கி கிளப். அதன் மினிட் புத்தகம் 1861லேயே இருந்தது. மேடுபள்ளமான பொட்டல்வெளியில் ரப்பர் கட்டையை வைத்து முரட்டு ஆட்டம் ஆடினார்கள். 1871இல் டெடிங்டனில் கிரிக்கெட்காரர்கள் குளிர்காலத்துக்கென்று ஹாக்கியை எடுத்தார்கள். அவர்களுக்கு வாய்த்தது புஷி பார்க், அரச பூங்கா. சமதரையில் கிரிக்கெட் பந்து நன்றாக ஓடியது. கோலுக்கு முன்னால் வட்டம் போட்டு, அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் என்றார்கள். 1886இல் ஹாக்கி சங்கம் உருவானபோது இந்த ஆட்டமே விதியானது. பிளாக்ஹீத் முரண்டுபிடித்துத் தனிச் சங்கம் கண்டது. 1895 வாக்கில் அந்தச் சங்கமும் அந்த ஆட்டமும் ஓய்ந்துபோயின. ஜெயித்த விதிதான் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு இந்தியாவுக்கு வந்தது.

இரண்டுமே கனவான்களின் கிளப்தான். அங்கே தோற்றவர்களுக்காக நாம் அழ வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சமதரை கிடைத்தவனின் பழக்கம் எல்லோருக்கும் சட்டமாகிறது என்பது ஒன்று. தோற்றுப்போன கிளப்பின் கதைகூட இன்று நமக்குத் தெரிகிறதே, ஏன்? எழுதி வைத்தான். இது இன்னொன்று.

நம் தெருக்களில் எத்தனை டீம்! வேலிக்குச்சியை வெட்டி மட்டையாக்கி ஆடியவர்கள் எத்தனை பேர்! எவனிடம் இருக்கிறது நமது மினிட் புத்தகம்? கோப்பை வாங்கிக்கொடுத்த நம்மாளு பேரு எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?

மாணவத் தோழர்களே, பெருசுகள் உயிரோடிருக்கும்போதே போய்க் கேளுங்கள். யார் ஆடினார்கள், எந்த இடத்தில் ஆடினார்கள், அந்த இடம் இப்போது யார் கையில் — எழுதுங்கள். புறம்போக்கு மைதானத்தைக் கேட்டுப் போராடப் போகும்போது அந்த நோட்டும் கையில் இருக்கட்டும். ஆடத் தெரியுமென்று நிரூபித்தாகிவிட்டது. இனி மண்ணும் வேண்டும், பேனாவும் வேண்டும்.