மீட்பன்று, தூர்ப்பு

கிணற்றில் மண்ணைக் கொட்டினால் அதனைத் தூர்த்தல் என்பது தமிழ். குளத்தில் கொட்டினாலும் அதுவே. கடலில் கொட்டினால் மட்டும் 'நில மீட்பு' என்று பெயர் சூட்டப்படுகிறது. மீட்டல் என்பது இழந்ததைத் திரும்பப் பெறுதல். அடகு வைத்த நகையை மீட்பர். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்பர். பினாங்குத் தீவின் தென்கடல் எந்தக் காலத்தில் எவர் கையிலிருந்து பறிபோன நிலம்? ஆங்கிலச் சொல்லொன்றை ஆராயாது பெயர்த்ததால் நேர்ந்த பிழை இது. 'தம்பாக்' என்னும் மலாய்ச் சொல் மண்ணைக் கொட்டி மேடாக்குவதையே குறிக்கிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை.

சொல்லில் தொடங்கும் மறைப்பு செயலிலும் தொடர்கிறது. தீவின் தெற்கே மூன்று செயற்கைத் தீவுகளை எழுப்பும் திட்டம் ஏறத்தாழ 4,500 ஏக்கர் பரப்புடையது. அதன் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைக்கு 2019-இல் கிடைத்த ஒப்புதலை மேல்முறையீட்டு வாரியம் 2021 செப்டம்பரில் நீக்கியது. 2023 ஏப்ரலில் மீண்டும் ஒப்புதல் கிடைத்தது. மே மாதத்தில் மூன்று தீவுகள் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. செப்டம்பரில் 2,300 ஏக்கர் கொண்ட 'சிலிக்கான் தீவு'க்கான பணி தொடங்கியது. பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றனர். மூன்று ஒன்றாயிற்றே என்று மகிழ்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்டவை சிறியவை இரண்டு. எஞ்சியதோ மூன்றிலும் பெரியது.

பினாங்கைச் சூழ்ந்த கடல் கலங்கிய கடலாயிற்றே, அதில் பவளம் ஏது என்று நகைப்பாரும் உளர். தீவின் தென்மேற்கு மூலைக்கு அப்பால் கெண்டித் தீவு இருக்கிறது. பழந்தமிழர் வீடுகளில் புழங்கிய மூக்குள்ள நீர்க்கலமாகிய கெண்டிக்கு மலாயிலும் அதே பெயர்தான். அத்தீவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'கோரல் ஐலண்ட்', அதாவது பவளத் தீவு. பெயர் வெறும் பெயரன்று. அதனை ஒட்டி இன்றும் உயிருள்ள பவளங்கள் வாழ்கின்றன. தெளிந்த கடலின் பவளத்தைப் போல் வண்ணம் காட்டி மயக்காவிட்டாலும், குறைந்த ஒளியில் அரிதின் முயன்று வாழும் பவளம் அது. ஏற்கெனவே கலங்கிய நீர்தானே, மேலும் கலக்கினால் என்ன என்பது அரைவயிறு உண்பவனின் தட்டைப் பறிப்பதற்கு ஒப்பானது.

இந்த நகைப்புக்குத் தமிழ் வகுப்பறைக்கும் சிறிது பொறுப்பு உண்டு. மாணவனுக்குப் பவளம் நவமணிகளுள் ஒன்று, செவ்விதழுக்கு உவமை, அவ்வளவே. அணிகலனில் பதிக்கும் செம்பவளம் பெரும்பாலும் மேற்கே மத்தியதரைக் கடலில் எடுக்கப்பட்டு, பண்டைக்காலத்தில் யவனர் கலங்களில் முசிறிக்கு வந்து இறங்கியது. பினாங்குக் கடலில் வாழ்வது வேறு இனம். 'பவளப்பாறை' என்ற சொல்லும் மாணவனை ஏமாற்றுகிறது. அது பாறையாகப் பிறந்ததன்று. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் தம் உடலைக் காக்கச் சுரந்த சுண்ணாம்பு.

அச்சிற்றுயிரின் தசைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பாசி கதிரவன் ஒளியால் உணவு சமைத்துப் பெரும்பங்கைப் பவளத்துக்குத் தருகிறது. பவளம் அதற்கு இடமும் உரமும் தருகிறது. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தினும் ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தால் இவ்வுறவு முறிகிறது. பாசி வெளியேறப் பவளம் வெளுக்கிறது. வெப்பம் விரைவில் தணியாவிட்டால் பட்டினியால் மடிகிறது. வண்டலோ வேறு வழியில் கொல்கிறது. நீரில் மிதக்கும்போது ஒளியை மறைத்துப் பாசியைப் பட்டினி போடுகிறது; படியும்போது பவளத்தின் வாயை அடைக்கிறது. சாக்கடை நீர் சேர்ந்தால் வெளியே வளரும் பெரும்பாசி கொழுத்து, பவளத்தின் இடத்தைக் கவர்கிறது. உள்ளே இருக்கும் பாசி உயிர் கொடுப்பது. வெளியே மண்டும் பாசி உயிர் பறிப்பது.

இங்கேதான் மற்றொரு வாதம் எழுகிறது. உலகமே வெப்பமடைகிறது, 1998, 2010, 2014 முதல் 2017 வரை, மீண்டும் 2023 முதல் என நான்கு முறை உலகெங்கும் பவளங்கள் வெளுத்தன, இறுதி நிகழ்வில் உலகப் பவளத்திட்டுகளில் 84 விழுக்காட்டை அவ்வெப்பம் தீண்டியது, இதில் பினாங்கின் மண் என்ன செய்துவிடும் என்பது அவ்வாதம். புள்ளிவிவரம் மெய், அதிலிருந்து எடுத்த முடிவுதான் பொய். பினாங்குக்கு வடக்கே, கெடாவைச் சேர்ந்த பாயார் தீவு 1994-இல் கடற்பூங்காவாயிற்று. எல்லைக்கோடு வெப்பத்தைத் தடுக்கவில்லை என்பது உண்மையே. 2010-இல் வெளுப்பின் பொருட்டு அங்கும் முக்குளிக்கும் இடங்கள் மூடப்பட்டன. அப்படி மூடியதன் பொருள் என்ன? காய்ச்சல் கண்ட உயிருக்கு மேலும் தொல்லை தராதே என்பதன்றோ? காய்ச்சலில் கிடப்பவன் முகத்தில் தலையணையை அழுத்திவிட்டுக் காய்ச்சலைக் குற்றஞ்சாட்டுவது எந்த நீதி? வெப்பத்தைத் தணிக்க உலகம் கூட வேண்டும். மண்ணை நிறுத்தப் பினாங்கு ஒன்றே போதும்.

ஈடு செய்வோம், செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்குவோம் என்பர். கான்கிரீட்டுக் கட்டி மீன்களைத் திரட்டலாம், ஒளியைத் திரட்டாது. மண் பரவாதிருக்கத் திரை கட்டுவோம் என்பர். நீரோட்டத்தோடு செல்லும் நுண்வண்டல் திரை முடியும் இடத்தில் நின்றுவிடுவதில்லை.

இதே கடலின் மறுகரையில் தமிழகம் இதற்குரிய பாடத்தைக் கற்றுவிட்டது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தனர். 1986-இல் 21 தீவுகளைக் கொண்டு கடற்பூங்கா அமைந்தது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆயினும் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீரில் மூழ்கின. உயர்ந்துவரும் கடலுக்கு எதிரே அவற்றைத் தாங்கிய அரண் முன்னரே வெட்டப்பட்டிருந்தது. அங்கே பவளத்தை அழித்துத் தீவை இழந்தனர். இங்கே தீவைப் படைக்கப் பவளத்தை இழக்கத் துணிகின்றனர்.

பவளத்துக்குத் தீங்கில்லை என்பதில் உறுதி உள்ளவர்கள், கெண்டித் தீவருகே நீரின் கலங்கலை அளந்து, மாதந்தோறும் நான்கு மொழி நாளேடுகளிலும் வெளியிடட்டும். மண் கொட்டுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இரு எண்கள் போதும். ஆறாம் ஆண்டு மாணவனே கழித்துப் பார்த்து விடை சொல்வான்.