கண்ணாடிப் பேழைக்கு வெளியே பொம்மைகள்

பொம்மைகளைப் பற்றிய கல்விப்புல எழுத்துகளில் பொம்மை பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் காணப்படுகிறது. ஒன்று கடையின் அடுக்கு. அங்கே அது பண்டம். மற்றொன்று அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழை; அங்கே அது பண்பாட்டுச் சான்று. பார்பியின் இடுப்பளவு, அதன் தோல்நிறம், சிறுமியருக்கு அது கற்பிக்கும் பெண்மை ஆகியவை குறித்து ஏராளமாக எழுதப்பட்டுள்ளன. அவை தேவையான எழுத்துகளே. ஆனால், அதே பார்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதற்கென ஈர்க்குச்சியில் ஒரு நாற்காலி முடைந்து, அதிகாலையில் ஏரிக்கரைக்குக் கொண்டுசென்று, தரையோடு தரையாகப் படுத்துப் படமெடுக்கும் ஒருவருக்கு அந்த எழுத்துகளில் இடமில்லை. அவர் செய்வதைப் 'பொழுதுபோக்கு' என்ற ஒற்றைச் சொல் முடித்துவைத்துவிடுகிறது.

அச்சொல் போதாது. திறந்தவெளியில் பொம்மையைப் படமெடுப்பது அளவைப் பற்றிய ஆய்வு. உலகில் எது சுருங்கும், எது சுருங்க மறுக்கும் என்பதைக் கையாலும் கண்ணாலும் சோதித்தறியும் முறை அது. பொம்மையைக் குறியீடாக மட்டும் வாசிக்கப் பழகிய கல்விப்புலம் இந்த அறிவைக் காணத் தவறுகிறது.

இம்மரபு புதியதன்று. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டேர் ரைட் 1957இல் வெளியிட்ட 'தி லோன்லி டால்' என்ற சிறுவர் நூல், அவரது சிறுவயதுப் பொம்மையையும் கரடிப் பொம்மைகளையும் வைத்து எடுத்த கறுப்புவெள்ளைப் படங்களால் ஆனது. 1972இல் கென்னர் நிறுவனம் வெளியிட்ட 'பிளைத்' பொம்மை, கயிற்றை இழுத்தால் கண்ணின் நிறம் மாறும் பெருந்தலைப் பொம்மை, ஓராண்டிலேயே சந்தையிலிருந்து மறைந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் நியூயார்க்கின் ஜீனா காரன் அதனை இடமிடமாகக் கொண்டுசென்று படமெடுத்தார். 2000இல் அப்படங்கள் நூலாயின. மறு ஆண்டே ஜப்பானின் தகாரா நிறுவனம் அப்பொம்மையை மீண்டும் உற்பத்தி செய்தது. சந்தை கைவிட்ட ஒரு பொருளுக்கு ஒளிப்படங்கள் மறுவாழ்வு தந்தன.

இவ்விரண்டையும்விட ஆழமான சான்று மார்க் ஹோகன்கேம்ப். 2000 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டன் நகரில் ஐவர் அவரைக் கொடூரமாகத் தாக்கினர். நினைவிழந்து கிடந்து மீண்டவருக்குத் தம் கடந்தகாலத்தின் பெரும்பகுதி நினைவில் இல்லை. அவர் தம் வீட்டு வளாகத்தில் 'மார்வென்கோல்' என்ற கற்பனை பெல்ஜிய ஊரை, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஊராக, ஆறில் ஒரு பங்கு அளவில் எழுப்பினார். அதில் பொம்மைகளைக் குடியமர்த்தி, அவர்களின் கதையைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தார். பொம்மை ஜீப்பின் சக்கரங்கள் புதிதாகத் தெரியக்கூடாது என்பதற்காக, அதனை உண்மையான சாலையில் இழுத்துக்கொண்டே நடந்து தேயவைத்தவர் அவர். சாயம் பூசியே தேய்மானத்தைக் காட்டியிருக்கலாம். ஆனால் தேய்மானம் என்பது தூரமும் காலமும் பொருளின்மீது எழுதும் எழுத்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சிற்றுருக்களைப் பற்றிய கோட்பாடுகள் இவ்விடத்தில் துணைசெய்கின்றன. ஓர் எல்லையில் நின்றும் விடுகின்றன. 1962இல் லெவி-ஸ்ட்ராஸ், சிற்றுருவில் முழுமை முதலில் பிடிபடுகிறது, பகுதிகள் பின்னர் வருகின்றன என்றார். சிற்றுரு வெறும் நகலன்று, மூலப்பொருளின்மீது நடத்தப்படும் ஒரு சோதனை என்றும் கருதினார். 1984இல் வெளிவந்த 'ஆன் லாங்கிங்' நூலில் சூசன் ஸ்டூவர்ட், சிற்றுருவை அகவெளியோடு பிணைத்தார். பொம்மைவீடு வீட்டுக்குள் இருக்கும் வீடு; அதில் காலம் உறைந்து நிற்கிறது. பொம்மைவீட்டுக்கு இது முற்றிலும் பொருந்தும். ஆனால் பொம்மை வாசலைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. வெளியே காலம் உறைவதில்லை. மேகம் நகர்கிறது, எறும்பு வருகிறது, காற்று தள்ளுகிறது. ஸ்டூவர்ட்டின் வாதத்தை மறுபரிசீலனை செய்யவேண்டிய இடம் இதுவே. அதற்கான சான்றுகளை நாள்தோறும் உருவாக்குபவர்கள் இந்தப் 'பொழுதுபோக்கினர்'.

அவர்கள் கற்றுவைத்திருப்பது என்ன? பார்பியின் உயரம் சுமார் 29 செ.மீ.; ஆறில் ஒரு பங்கு அளவு. நீளம் ஆறில் ஒன்றாகும்போது பரப்பு 36இல் ஒன்றாகிறது, எடை 216இல் ஒன்றாகிறது. காற்று பரப்பைத் தள்ளுகிறது. எடை அதனை எதிர்க்கிறது. ஆகவே மனிதருக்கு இதமான தென்றல், பொம்மைக்கு அதன் எடையை ஒப்பிட ஆறு மடங்கு வலிய காற்று. பொம்மையின் காலணிக்குள் கம்பியைச் செருகி மண்ணில் ஊன்றும் எவரும் இக்கணக்கை எழுதிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவர் விரல் அதனை அறியும்.

நீரும் சுருங்க மறுக்கிறது. துளியின் பருமனைப் பரப்பு இழுவிசை தீர்மானிக்கிறது; பொம்மை சிறியது என்பதற்காகத் துளி சிறிதாவதில்லை. நான்கு மில்லிமீட்டர் மழைத்துளி, பொம்மையின் உலகில் நெல்லிக்காய் அளவில் வந்து விழுகிறது. துணியும் அப்படியே. பொம்மைக்குத் தைத்த பாவாடை, நூல் பருத்ததாகவே இருப்பதால், விழாமல் அட்டைபோல் விறைத்து நிற்கும். அதனால் துவைத்துத் துவைத்து நைந்த மல்மல் துணியைத் தேடுகிறார்கள். நனைத்து, கொசுவத்தை ஊசியால் குத்தி, உலரவிட்டு மடிப்பைப் படிய வைக்கிறார்கள். மரத்தில் ரேகை சுருங்காது. தேக்கில் செய்த சிறு மேசையில் ரேகைகள் வாய்க்கால்போல் ஓடும். கர்நாடகத்தின் சென்னபட்டணக் கைவினைஞர்கள் நெருங்கிய இழையுடைய வெட்பாலை மரத்தைக் கடைகிறார்கள். சிற்றுருவுக்கு எம்மரம் ஏற்றது என்பதற்கு அவர்களின் தேர்வே ஒரு பாடம். ஆற்றுமணல் பொம்மையின் காலடியில் சரளைக்கல்லாகத் தெரியும். மணலாகத் தெரிய, சலித்த செங்கற்பொடி வேண்டும். புளியமரத்துச் சிற்றிலை, பொம்மைக்கு ஓர் இயல்பான இலையின் அளவில் அமைகிறது. வேப்பிலையோ வாழைக்கன்றின் இலைபோல் நீள்கிறது.

இத்தனையும் சுருங்க மறுக்கும்போது, ஒன்று மட்டும் எந்த அளவுக்கும் பாரபட்சமின்றி இசைந்து கொடுக்கிறது. அது சூரியன். மேசைவிளக்கின் ஆறு செ.மீ. குமிழ், பொம்மையின் அளவில் 36 செ.மீ. அகன்ற ஒளிக்கோளம். அதன் ஒளி பொம்மையின் தலைக்கும் காலுக்கும் இடையிலேயே கண்ணுக்குத் தெரியும்படி மங்கும். படத்தைப் பார்ப்பவர் காரணம் அறியாமலே 'இது பொம்மை' என்று உணர்ந்துவிடுவார். சூரியனோ ஏறத்தாழ 15 கோடி கி.மீ. தொலைவில், வானில் அரைப் பாகை அகலத்தில் நிற்கிறது. அதன் ஒளியில் நிழலின் ஓரம் மங்கும் அளவு, பொருளுக்கும் நிழல் விழும் தரைக்கும் உள்ள தூரத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. தூரம் ஆறில் ஒன்றானால் மங்கலும் ஆறில் ஒன்றாகிறது. பொம்மை விழச்செய்யும் நிழல், மனித நிழலின் மிகச் சரியான ஆறிலொரு பங்கு. பொம்மையை வெளியே கொண்டுசெல்வதற்கான வலுவான காரணம் இயற்கைக் காட்சியன்று, இந்த ஒளி. அறைக்குள் எத்தனை விளக்கு வைத்தாலும் எளிதில் கிடைக்காத உண்மைத்தன்மையை வெயில் இலவசமாகத் தருகிறது.

கேமராவும் இப்பாடத்தைத் தொடர்கிறது. நின்றபடி குனிந்து எடுத்த படத்தில் பொம்மை எப்போதும் பொம்மையே. தொடுவானம் அதன் கண்மட்டத்தில் அமைய, லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கவேண்டும். எடுப்பவர் படுத்தாக வேண்டும். அருகில் குவியம் வைத்தால் பின்னணி கரைந்து, அளவைக் காட்டிக்கொடுக்கும், அதனைத் தவிர்க்கத் துளையைச் சுருக்கினால் ஒளி நிறைய வேண்டும், மறுபடியும் சூரியன். விலையுயர்ந்த கேமராவைவிடச் சிறிய உணரி கொண்ட கைபேசி சில வேளைகளில் இதற்கு நன்கு உதவுவதும் இக்காரணத்தால்தான்.

இவ்வறிவு இந்திய வீடுகளுக்கு அந்நியமன்று. நவராத்திரியில், தமிழ்நாட்டின் கொலுவிலும் கர்நாடகத்தின் பொம்பே ஹப்பாவிலும் ஆந்திரத்தின் பொம்மல கொலுவிலும், படிகளுக்குக் கீழே தரையில் பூங்காவோ ஊரோ அமைப்பது வழக்கம். புல்வெளிக்குக் கேழ்வரகோ கடுகோ முளைவிடுகிறார்கள். குளத்துக்குக் கண்ணாடித்துண்டு வைக்கிறார்கள். ஏன் நீரையே ஊற்றவில்லை? சிறு தட்டில் ஊற்றிய நீர் விளிம்பில் வளைந்து, குளமாகத் தோன்றாமல் தட்டு நீராகவே தோன்றும். நீர் சுருங்காது என்பதை அறிந்த யாரோ கண்ணாடியைத் தேர்ந்தார்கள். அத்தேர்வைச் செய்தவர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலை என்பதால் அது அறிவாக எண்ணப்படவும் இல்லை. சடங்கின் பொருள் குறித்து ஆய்வேடுகள் உண்டு. கண்ணாடிக் குளம் குறித்து எழுதியவரைத் தேடவேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. இது நுகர்வுப் பண்பாட்டின் மற்றொரு முகமே என்பது முதலாவது. அதில் உண்மையுண்டு. பிளைத்துக்கு மறுவாழ்வு தந்த படங்கள் ஒரு புதிய சந்தையையும் தந்தன. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். சேகரிப்புச் சந்தையில் பெட்டி பிரிக்கப்படாத பொம்மைக்கே உயர்ந்த விலை. பெட்டியைப் பிரித்து, வெயிலிலும் புழுதியிலும் பொம்மையை நிறுத்துபவர் அதன் சந்தை மதிப்பைத் தெரிந்தே குறைக்கிறார். பண்டம் அங்கே கருவியாகிறது.

இரண்டாவது, இது வசதிபடைத்தவர்களின் விளையாட்டு என்பது. 1999 முதல் ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் செய்துவரும் பந்துமூட்டுப் பொம்மைகள் எளியவர்களுக்கு எட்டாதவை. இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. ஆனால் இம்முறைக்கு வணிகப்பெயர் தேவையில்லை. தெருவோரக் களிமண் பொம்மையும், தீப்பெட்டியில் செய்த பெட்டகமும், பாட்டில் மூடியில் செய்த தாம்பாளமும் அதே கேள்விகளைத்தான் எழுப்புகின்றன. வெளியில் வாங்க இயலாதபோது கை கூடுதலாகச் சிந்திக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம் அண்மைக் காலத்தது. காட்டுக்குள் நிற்கும் பொம்மையின் படத்தை இன்று ஒரு வாக்கியம் தட்டச்சு செய்தே உருவாக்கிவிடலாம். பிறகு எதற்கு இந்தப் பாடு? இந்தக் கேள்வியே விடையையும் தருகிறது. அப்படத்தில் காற்று எதையும் தள்ளுவதில்லை, துணி விறைப்பதில்லை, துளி பெரிதாக விழுவதில்லை. எதிர்ப்பே இல்லாத இடத்தில் கற்பதற்கும் ஒன்றுமில்லை. படம் கிடைக்கிறது, படத்துக்கான வழியில் கிடைத்திருக்கக்கூடிய அறிவு கிடைப்பதில்லை. ஆய்வேடுகளைப் பற்றியும் இதையே சொல்லவேண்டிய காலம் இது.

டெல்லியில் கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் நிறுவிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம் 1965இல் திறக்கப்பட்டது. இந்திய மாநிலங்களின் உடைமரபைக் காட்டும் பொம்மைகளைச் செய்ய அதனோடு ஒரு பட்டறையும் இயங்கியது. பார்வையாளர் காண்பது பேழையை, பட்டறையை அன்று. ஆறு கஜச் சேலையை உள்ளங்கையளவு உடலில் உடுத்த அப்பட்டறையில் என்னென்ன முயன்றார்கள், எந்தத் துணி தோற்றது, எது வென்றது என்பதல்லவா ஓர் ஆய்வாளர் முதலில் கேட்கவேண்டியது? தேசியக் கல்விக் கொள்கை 2020க்குப் பின் பொம்மைவழிக் கற்றல் பற்றிய பேச்சு பெருகியுள்ளது. ஆனால் அப்பேச்சில் பொம்மை குழந்தைக்கான கருவி, அல்லது ஏற்றுமதிக்கான சரக்கு. பொம்மையைக் கொண்டு சிந்திக்கும் வளர்ந்த மனிதர் அதில் இல்லை.

மாற்றத்துக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. பொருள்சார் பண்பாடு, காட்சிக்கலை, பெண்ணியம் ஆகிய துறைகளில் சிற்றுருக்களைப் பற்றி எழுத முற்படும் மாணவர், முதல் இயலுக்கு முன் ஒரு நாற்காலியை ஆறிலொரு பங்கு அளவில் செய்து, அதனை வெயிலில் வைத்துப் படமெடுக்கட்டும். தோற்ற முயற்சிகளின் குறிப்பேடு ஆய்வேட்டின் பின்னிணைப்பாக ஏற்கப்படட்டும். பல்லாண்டுகளாக இதைச் செய்துவருபவர்கள் தகவலாளிகளாக மட்டுமன்றி, அறிவுடையவர்களாக மேற்கோள் காட்டப்படட்டும். படமெடுத்து முடிந்ததும் கம்பியையும் பசையையும் பொறுக்கி எடுத்துவருவது, வேரோடு பாசியைப் பெயர்க்காதிருப்பது போன்ற அவர்களின் ஒழுங்குகளும் அப்பாடத்தின் பகுதியாகட்டும்.

ஒரு பொருளைப் பற்றி நூறு பக்கம் எழுதிய பிறகும் அதன் எடை தெரியாமலிருப்பது சாத்தியம். பொம்மையைக் காற்றில் நிறுத்த முயன்றவருக்கு அது சாத்தியமில்லை.