கம்ப்யூட்டர் உத்தியோகம்: நகையை அடகு வைக்கலாமா?

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நம்மவர் வீடுகளில் ஒரே பேச்சு, பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கிடைக்குமா என்பதுதான். பெரிய கம்பெனிகள் புதியவர்களுக்குத் தரும் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. வீட்டு வாடகை அப்படி நிற்கவில்லை! 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், புதியவர் கை பழகும் சில்லறை வேலைகளில் பலவற்றை யந்திரமே எழுதித் தருகிறது. நுழைந்துவிட்டால் போதும் என்பதும் தப்புக் கணக்கு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது, பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலை ஊழியர்களை.

இந்த நிலையில் "வேலை உத்தரவாதம்" என்னும் பயிற்சி நிலையத்தை நம்பி நகையை அடகு வைப்பானேன்? எங்கள் ஆபீஸ் நண்பர் மகன், பிறர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டு திருத்த எட்டு மாதம் வீட்டிலேயே பழகினான். ஓசூர் ரோட்டில் சிறு கம்பெனி. மாதம் 18 ஆயிரம். கடன் கிடையாது.