மூக்கா, ஊசியா? யாருக்கு இந்தத் தெரிவு?

சென்ற மாரிகாலத்தில் ஒரு நாள், பாடசாலை விட்டு வெளியே வருகையில், மாணவன் ஒருவனின் உம்மா என்னை வழிமறித்தார். கையிலிருந்த தொலைபேசியைக் காட்டி, "சேர், புள்ளைகளுக்கு மூக்குல அடிக்கிற காய்ச்சல் மருந்துல பண்டி இருக்காமே, மெய்யா? அப்ப கிளினிக்குல போடுற ஊசியும் அப்படித்தானா?" என்று கேட்டார். உடன் வந்த ஆசிரிய நண்பர் சிரித்துவிட்டார். "இந்தச் சனத்தைத் திருத்த இயலாது" என்பது, சற்றுத் தள்ளிப் போனபின் அவர் வழங்கிய தீர்ப்பு.

அந்தச் சிரிப்புக்கு மறுமொழி கூறவே இதை எழுதுகிறேன். முற்போக்காளர் என்று நமக்கு நாமே பெயர் சூட்டிக்கொண்டவர்களிற் பலர் இதே சிரிப்பைத்தான் சிரிக்கிறோம்.

அந்தத் தாயின் கேள்வியில் முதற் பாதி உண்மை. பிரித்தானியாவில் 2013 முதல் சிறுவர்க்கு இன்புளுவென்சாத் தடுப்பு மருந்து மூக்கினுள் தெளிக்கப்படுகிறது. மருந்து கெடாதிருக்க அதிற் பன்றியிலிருந்து எடுத்த ஜெலற்றின் சேர்க்கப்படுகிறது. அந்நாட்டுச் சுகாதாரத் துறையே வெளிப்படையாகச் சொன்ன செய்தி இது. உயிராபத்தும் வேறு வழியின்மையும் இருந்தாலன்றி இது ஆகாது என்று பிரித்தானிய முஸ்லிம் கவுன்சில் 2019 இல் கூறிற்று. 2021 இல், ஜெலற்றினை ஏற்காத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜெலற்றின் கலவாத ஊசியைக் கொடுக்க வழி செய்யப்பட்டது. கேள்வி கேட்ட பெற்றோரை அங்கே ஒருவரும் காட்டுமிராண்டிகள் என்று தள்ளிவிடவில்லை.

மார்க்க அறிஞர் யாவரும் ஒரே கருத்தினருமல்லர். 1995 இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிஞர் மாநாடு, முற்றாக உருமாறிய பொருள் முன்னைய அசுத்தத்தை இழந்துவிடுகிறது என்ற விதியின்படி, ஜெலற்றின் ஆகுமானது என்றே முடிவு செய்தது. இதனை நமது குத்பாக்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மருந்தின் இயல்பையும் சற்றுப் பார்ப்போம். மூக்கு மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரசு. குளிர்ந்த மூக்கினுள் மட்டும் பெருகி, வெப்பமான நுரையீரலிற் பெருகாதபடி பழக்கப்பட்டது. (இந்த வழியில் முன்னோடிகளாய் நின்றவர்களுள் லெனின்கிராட் விஞ்ஞானிகளும் உளர். அவர்கள் வளர்த்த மூலவித்து 2009 இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் சென்றது.) ஊசியில் இருப்பது இறந்த வைரசு, அதனாற் காய்ச்சல் உண்டாக வழியில்லை. மூக்கு மருந்து 2 வயதுக்குப் பின்னரே ஆகும். எதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைக்கும், இழுப்பு மிகுந்திருக்கும் பிள்ளைக்கும் ஆகாது. ஊசியோ 6 மாதக் குழந்தைக்கும் ஏற்றது. அமெரிக்காவில், பலன் குறைந்தது கண்டு, 2016 முதல் இரண்டு பருவங்களுக்கு மூக்கு மருந்தைப் பரிந்துரைக்காமலே விட்டார்கள். ஆகவே ஊசி ஏழையின் பண்டம், மூக்கு மருந்து சீமான் வீட்டுப் பண்டம் என்ற பேச்சு வெறும் விளம்பரம்.

கேள்வியின் இரண்டாம் பாதியே ஆபத்தானது. நம் கிளினிக்குகளிற் போடப்படும் ஊசிகள் வேறு நோய்களுக்கானவை. மூக்கு மருந்துச் செய்தியைக் கொண்டு அவற்றைத் தீர்மானிக்க முடியாது. ஆயினும் அச்சம் ஒரு மருந்தோடு நிற்பதில்லை. இந்தோனேசிய உலமா சபை 2018 இல் சின்னமுத்துத் தடுப்பூசியிற் பன்றிப் பொருள் உண்டென்றும், நிர்ப்பந்தம் கருதி அது அனுமதிக்கப்பட்டதென்றும் ஒருங்கே தீர்ப்பளித்தது. மக்கள் காதில் முதல் வாக்கியமே விழுந்தது. தடுப்பூசிகளை ஐயத்தோடு நோக்கிய அதே ஆச்சே மாகாணத்தில், 2022 இல் இளம்பிள்ளைவாதம் மீண்டும் தலைகாட்டிற்று. இங்கே தொலைபேசிவழி அரைச் செய்தி பரப்பும் மார்க்கக் காவலர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

ஆனால் நமது மக்களின் ஐயம் வானத்திலிருந்து விழுந்ததன்று. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டிற் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை கட்டிப் பள்ளிவாசலைத் தாக்கினார்கள். பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டுமென்று வர்த்தமானி வந்தது. புதைப்பதாற் கேடில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியும் செவிசாய்க்கவில்லை. இருபது நாட் சிசுவையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அந்த ஆணை நீங்கிற்று. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரிற்று. விஞ்ஞானத்தின் பெயரால் இவ்வாறு மிதிக்கப்பட்ட ஒரு சமூகம், "இந்த மருந்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், நண்பரே, அதிற் சிரிக்க என்ன உண்டு?

எனக்குக் கோபம் வருவது வேறோரிடத்தில். மூக்கா, ஊசியா என்று நாம் வாதிடுகிறோம். மருதமுனைத் தறிக்காரரின் பிள்ளைக்கும், சாய்ந்தமருதுக் கரைவலைக்காரரின் பிள்ளைக்கும் இவ்விரண்டில் எது கிடைக்கிறது? 1978 இல் தொடங்கிய நமது இலவசத் தடுப்பூசித் திட்டம் பெருமைக்குரியது. 1993 க்குப் பின் இந்நாட்டில் இளம்பிள்ளைவாதம் இல்லை. ஆயின் அந்த அட்டவணையில் சிறுவர்க்கான இன்புளுவென்சா ஊசி இடம்பெறவில்லை. காசுள்ளவர் தனியார் மருத்துவ நிலையத்திற் போட்டுக்கொள்கிறார். தெரிவு என்பது அவருக்கே உரியது. 2018 இல் தென் மாகாணத்தில் இக்காய்ச்சல் பரவிக் குழந்தைகள் மாண்டபோதும் இக்கேள்வி எழுந்து, அப்படியே அடங்கிப்போயிற்று.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளிற் கொடு என்று நான் கேட்கவில்லை. இழுப்பு நோயுள்ள, இருதயக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கேனும் ஊசியை முதலில் இலவசமாக்குக. ஒவ்வொரு மருந்திலும் என்ன கலந்துள்ளதென்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி தமிழிலே எழுதிப் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் ஒட்டுக. அதை வாசித்து விளக்குவது நம் போன்ற ஆசிரியரின் கடமை.

அந்த உம்மாவிடம் எனக்குத் தெரிந்தவற்றை நின்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்தப் பண்டி இல்லாத ஊசிய நம்மட கிளினிக்குல எப்ப போடுவாங்க, சேர்?" என்றார். சின்ன மகளின் கிளினிக் கொப்பியை வாங்கிப் புரட்டினேன். அதற்குரிய கட்டமே அதில் இல்லை.