லூபின் மாவும் சங்கத்தின் சொல்லும்

நாம் ஆய்வுக்காகச் சென்றிருந்த ஒரு சங்கத்தின் மகாசபையில், வரவு செலவுக் கணக்குகள் படித்து முடிந்தபின், அங்கத்தினர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் பசைப் புரதம் சிறிதளவு உட்சென்றாலும் அக்குழந்தையின் குடல் புண்படும். சங்கப் பண்டகசாலையில் விற்கும் கேழ்வரகு மாவுப் பொட்டலத்தின்மீது 'குளூட்டன் அற்றது' என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு வாங்கிச் சென்றார். சில நாட்களில் குழந்தைக்குப் பழைய வயிற்றுப்போக்குத் திரும்பிவிட்டது. "இந்த மாவை எந்த எந்திரத்தில் அரைத்தீர்கள்?" என்பதே அவர் கேள்வி.

கோதுமை அரைக்கும் எந்திரத்திலேயே அரைத்ததாகக் காரியதரிசி ஒளிக்காமல் விடை கூறினார். குழந்தையின் நோவுக்கு இதுவே காரணம் என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஏமாற்றவேண்டும் என்று எவரும் எண்ணவும் இல்லை. கேழ்வரகில் குளூட்டன் இல்லை என்பது உண்மை. ஆகவே அச்சொல்லை அச்சிட்டார்கள். ஆனால் தானியத்தைப் பற்றிய உண்மை வேறு, பொட்டலத்தைப் பற்றிய உண்மை வேறு. இவ்வேறுபாட்டை நம் அங்கத்தினர்கள் தெளிவாக உணரவேண்டும் என்பதற்காக, கடல் கடந்த ஒரு நாட்டின் பயறு ஒன்றைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம்.

லூபின் என்பது மொச்சை, நிலக்கடலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த பயறு. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டிலும் தொன்றுதொட்டு உணவாக இருந்து வருகிறது. பழைய வகைகள் மிகக் கசப்பானவை. கசப்புக்குக் காரணமான ஆல்கலாய்டு என்னும் பொருள் நச்சுத்தன்மை உடையது. ஆதலின் அம்மக்கள் பயற்றை வேகவைத்து, நாள்தோறும் நீர் மாற்றிப் பல நாட்கள் ஊறவைத்த பின்னரே உண்பார்கள். 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் வான் செங்புஷ் என்னும் அறிஞர், கசப்புக் குறைந்த செடிகளைத் தேடிப் பொறுக்கி எடுத்தார். அதன்பின் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்னும் அறிஞர், காய் முற்றியதும் வெடித்துச் சிதறும் காட்டுச் செடியின் குணத்தையும் மாற்ற முற்பட்டு, 1967இல் 'யூனிவைட்' என்னும் வகையை வெளியிட்டார். இவ்வகைக்கு வெண்ணிறப் பூவும் வெண்ணிற விதையும் அமைந்தன. நீலப் பூக்கொண்ட கசப்புச் செடி வயலில் கலந்துவிட்டால் கண்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். கலப்பைக் கண்டுகொள்ளும் வழியை விதையிலேயே வைத்த அம்முன்யோசனை போற்றத்தக்கது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை நிலங்கள் பல, சத்தற்ற மணற்பாங்கானவை. அம்மணலில் லூபின் ஆழ வேரூன்றி, காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. அடுத்த ஆண்டுக் கோதுமையின் வேர் நோய்களையும் குறைக்கிறது. உலகிலேயே மிகுதியாக லூபின் விளைவிக்கும் நாடு ஆஸ்திரேலியாவே. அதிலும் பெரும்பகுதி இம்மாநிலத்தில் விளைவது. எனினும் விளைந்ததில் பெரும்பகுதி ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் தீவனமாகவே விற்கிறது. மனிதர் உண்பது சிறு பங்கே. 1990களில் பத்து இலட்சம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த சாகுபடி பின்னர் வெகுவாகச் சுருங்கிவிட்டது. மருந்துக்கு மடியாத களைகளும், கனோலா என்னும் எண்ணெய்வித்தின் கூடுதலான வருவாயும், லூபினுக்குக் கிடைத்த தீவன விலையும் அதற்குக் காரணங்கள். மண்ணை வளர்க்கும் பயிர் உழவனை வளர்க்கவில்லை என்றால் அது நிலத்தில் நிலைப்பது அரிது.

இந்நிலையில்தான் லூபின் மாவு மனிதர் உணவாக மதிப்புப் பெறத் தொடங்கியது. தோல் நீக்கி அரைத்த லூபின் மாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு புரதம். நார்ச்சத்தும் அதற்குச் சற்றேறக்குறைய அவ்வளவே. மாப்பொருளோ மிகச் சொற்பம். மைதாவில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் மாப்பொருள். ஆகவே நீரிழிவு உடையோர், மாப்பொருளைக் குறைக்க விழைவோர், கோதுமை ஆகாதவர் ஆகிய மூவகையினரும் இம்மாவை நாடுகின்றனர். நாடுவதில் தவறில்லை. ஆனால் சர்க்கரையைக் கொட்டிச் சுட்ட பிஸ்கோத்து, லூபின் மாவினால் செய்யப்பட்டதென்பதால் மருந்தாகிவிடாது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் திடீரென மாப்பொருளைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். மருத்துவரைக் கேட்டுச் செய்வதே முறை.

இம்மாவைக் கொண்டு ரொட்டி சுடுவது எளிதன்று. கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன், பாவும் ஊடையும் போல ஒன்றோடொன்று பின்னி ஒரு வலையாகிறது. நொதிக்கும்போது எழும் காற்றை அவ்வலை பிடித்து வைப்பதால் ரொட்டி உப்புகிறது. லூபினில் அந்த இழையே இல்லை. தனி லூபின் மாவில் சுட்டால் அடை போன்று அழுத்தமாகவே இருக்கும். எனவே முட்டையையோ இசப்கோல் உமியையோ சேர்த்துப் பிணைக்கிறார்கள். நீரை அதிகமாக உறிஞ்சும் மாவாதலால் நீரைக் கூட்டவேண்டும். விரைவில் சிவப்பதால் அடுப்பின் சூட்டைத் தணிக்கவேண்டும்.

ரொட்டி உப்புவதற்காகப் பலர் கோதுமை மாவில் நூற்றுக்கு 10 பங்கு லூபினைக் கலந்து சுடுகின்றனர். சத்து மிகுந்த நல்ல ரொட்டிதான். ஆனால் குளூட்டன் அற்ற ரொட்டி அன்று. லூபின் பெயரை முன்னே பெரிதாகவும் கோதுமையைப் பின்னே சிறிதாகவும் அச்சிட்டு விற்றால், 40ஆம் நம்பர் நூலில் நெய்த துணிக்கு 60ஆம் நம்பர் முத்திரை இடுவதற்கும் அதற்கும் யாது வேறுபாடு? துணியிலே ஏமாந்தவனுக்குப் பொருள் நட்டம். உணவிலே ஏமாந்தவனுக்கு உடல் நட்டம்.

கலவாத லூபின் மாவிலும் கோதுமை புகுவதற்கு வழி உண்டு. ஓராண்டு லூபின் விளையும் நிலத்தில் மறு ஆண்டு கோதுமை விளைகிறது. அதே அறுவடை எந்திரம், அதே வண்டி, அதே களஞ்சியம். இவற்றின் மூலைகளில் தங்கிய கோதுமை மணிகள் லூபினோடு ஆலைக்குச் செல்லக்கூடும். குளூட்டன் அற்றது என்று கூறுவதற்குச் சர்வதேச உணவுத்தர விதி அனுமதிக்கும் உச்ச அளவு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே இச்சொல்லைக் காப்பாற்றும் பொறுப்பு ஆலையில் அன்று, வயலிலேயே தொடங்கிவிடுகிறது.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. நிலக்கடலை ஒவ்வாதவர் சிலருக்கு லூபினும் ஒவ்வாது. சிலருக்கு உயிருக்கே ஊறு நேரலாம். இதனால் 2006இல் ஐரோப்பிய ஒன்றியமும், 2017இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், லூபின் சேர்ந்த உணவுகளில் அதன் பெயரைக் கட்டாயமாகக் குறிக்கவேண்டுமென விதித்தன. லூபின் மாவில் ஆல்கலாய்டு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பதும் ஆஸ்திரேலிய விதி. கோதுமை ஆகாதவருக்கு நன்மை செய்யும் மாவே கடலை ஆகாதவருக்குத் தீங்கு செய்யும். 'எல்லோருக்கும் நல்லது' என்று விளம்பரம் செய்வது வணிகனுக்கு எளிது. சங்கத்துக்கு அது தகாது.

இங்கேதான் கூட்டுறவின் பணி வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் விளைவோரே உடைமையாளராக இருக்கும் 'கோஆப்பரேட்டிவ் பல்க் ஹாண்ட்லிங்' என்னும் அமைப்பு 1933 முதல் தானியங்களை வகை பார்த்து, தரம் பார்த்துப் பெற்றுச் சேமித்து வருகிறது. வயலையும் களஞ்சியத்தையும் ஒரே கூட்டத்தார் ஆளும் இடத்தில், இன்ன மூட்டை இன்னார் நிலத்தது, அதற்குமுன் அந்தக் களஞ்சியத்தில் இருந்தது இன்ன தானியம் என்று சொல்ல முடியும். வெளியிலிருந்து வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது கடினம்.

'தனிக் களஞ்சியம், தனி எந்திரம், சோதனைக் கட்டணம் இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே? விற்பதோ சிறு அளவு. சிலருடைய நோய்க்காக அனைவரும் செலவை ஏற்பதா?' என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. செலவை ஏற்க இயலாத சங்கம் அச்சொல்லை அச்சிடாமலே விற்கலாம். அதில் இழிவு ஏதுமில்லை. அச்சிட விரும்பும் சங்கம் செலவை ஏற்று, அதற்குரிய விலையையும் கேட்டுப் பெறட்டும். அவ்வாறு பெறும் அதிக விலை, தன் எந்திரத்தைத் துடைத்து மூட்டையைப் பிரித்து வைத்த உழவனுக்கும் போய்ச்சேரவேண்டும். உழவன் கையில் தீவன விலையும் ஆலைக்காரன் கையில் மருந்து விலையும் என்றால், அவன் அடுத்த முறை கவலைப்பட்டுப் பிரித்து வைக்கமாட்டான்.

நம் சங்கங்கள் லூபின் மாவை வரவழைக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் அரிசி, உளுந்து, கடலை, கேழ்வரகு, கம்பு ஆகிய எதிலும் குளூட்டன் இல்லை. நமக்குக் குறைவாக இருப்பது தானியம் அன்று. தனி எந்திரமும், அதைக் குறித்து வைக்கும் ஏடுமே.

மேலே கூறிய சங்கத்தார் அன்றைய மகாசபையிலேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். கையிருப்பிலிருந்த பொட்டலங்களில் அச்சொல்லின்மீது தாள் ஒட்டி மறைத்தார்கள். கோதுமை படாத ஒரு சிறிய எந்திரம் வாங்கும்வரை அதை மீண்டும் அச்சிடுவதில்லை என்றும் முடிவு செய்தார்கள். விற்பனை சற்றுக் குறைந்ததாகக் காரியதரிசி நம்மிடம் தெரிவித்தார். குறைந்த அந்த விற்பனையைச் சங்கத்தின் நட்டக் கணக்கில் எழுத நமக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்ட அங்கத்தினர் இன்னும் அப்பண்டகசாலைக்கே வந்து அரிசியும் உளுந்தும் வாங்குகிறார். தங்கள் பொட்டலங்களின்மீது உள்ள ஒவ்வொரு சொல்லையும் நிர்வாகக் குழுவினர் இத்திங்களே ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்ப்பார்களாக.