மூன்று நிமிஷம் கேட்க முடியாதா?

பழைய கிராமபோன் தட்டு ஒன்றைச் சுழலவிட்டால், யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "என்ன சார் இது, கடலை வறுக்கிற மாதிரி!" செங்கற்பட்டில் ஒரு சிநேகிதர் வீட்டில் சமீபத்தில் இதைக் கேட்டேன். சொன்னவர் சாமானியர் அல்லர். மார்கழி முழுவதும் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர். சற்று முன்புதான், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் உப்புக் காற்று தின்று மூக்கும் முழியும் போன சிற்பங்களின் அழகைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்திருந்தார். கல் தேய்ந்தால் அழகு. குரல் தேய்ந்தால் கடலை வறுவல்! இது என்ன நியாயம்?

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. கல்யாணியையும் சங்கராபரணத்தையும் பக்கத்தில் நிறுத்தினால் திருதிருவென்று விழிப்பேன். ஆனால் கோயம்புத்தூர் தாயி பாடிய தட்டு ஒன்றை ஒரே நாளில் பத்துத் தடவை கேட்டேன். முதலில் இரைச்சல்தான். மூன்றாம் தடவை இரைச்சலிலிருந்து குரல் தனியே பிரிந்து வந்தது. ஐந்தாம் தடவை, அந்த அம்மாள் விட்ட இடத்தைப் பிடில் பிடித்துக்கொள்வது தெரிந்தது. அப்புறம் அவர் மூச்சு எடுக்கும் இடங்கள்கூட எனக்கு மனப்பாடம். அர்ஜுனன் தபசுப் பாறையில் பொய்த் தவம் செய்கிற பூனையை வந்தவுடனே கண்டவர் எத்தனை பேர்? நின்று பார்த்தால்தானே பூனை தெரியும்! இதற்கு ஞானம் வேண்டாம். கொஞ்சம் பொறுமை போதும்.

"கீச்சுக்குரலாக இருக்கிறதே" என்பது அடுத்த புகார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமானால் உச்ச சுருதியில்தான் பாடியாகவேண்டும். தட்டுப் பதிவிலும் 1925 வரை மின்சாரம் கிடையாது. தகரக் குழாயின் வாயருகே நின்று பாட வேண்டும். அந்தக் குரலின் அதிர்ச்சியே மெழுகில் கோடு கிழித்தாகவேண்டும். மேலும், அந்நாளையத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல. எழுபத்தெட்டுச் சுற்று என்று கண்ணை மூடிக்கொண்டு முடுக்கிவிட்டால் சில குரல்கள் கீச்சிடத்தான் செய்யும். அது பாடினவர் குற்றமா?

இந்தப் புகார்களுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்று முதலில் தட்டுக்குப் பாடிய பெண்கள் தேவதாசி குலத்தவர்கள். அவர்கள் பாட்டைப் பாடம் செய்துகொண்டு, அவர்கள் பெயரை மட்டும் முற்றத்துக்கு வெளியே நிறுத்திய வீடுகள் எத்தனையோ. இன்று கரகரப்பின்மேல் பழி போடுவது சௌகரியமாக இருக்கிறது.

மாரிஸ் டெலாஜ் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், ராவெலின் சிஷ்யர். 1912-ல் இந்தியா வந்தார். நம் ராகங்களோடு பிறந்து வளர்ந்தவர் அல்லர், என்னைவிடப் புதியவர். தாயியின் தட்டைக் காது கொடுத்துக் கேட்டு, அதை வைத்து 'ராகமாலிகா' என்று ஒரு பாட்டு இயற்றினார். பிரெஞ்சுப் பாடகி தமிழ்ச் சொற்களைப் பாட வேண்டும்! நம் தாள வாத்தியத்தின் ஓசை வரவேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்தியை அமுக்கி ஊமையாக்கச் சொன்னார். கரகரப்பு அவர் காதிலும் விழாமலா இருந்திருக்கும்?

அமெரிக்காவில் ஜாஸ் என்கிறார்களே, அதன் கதையும் இதுதான். 1923-ல் கிங் ஆலிவர் கோஷ்டி ரிச்மண்ட் நகரில் வாசித்துப் பதிந்தபோதும் அதே குழாய்தான். முரசை முழு வீச்சில் அடிக்கக்கூடாது. இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளம் மற்றவற்றை அமுக்கிவிடும் என்று அவரைத் தள்ளி நிற்கவைத்தார்களாம். அந்தத் தட்டுகளை அந்த ஊர் ரசிகர்கள் ஸ்வரம் ஸ்வரமாகக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஃப்ரெடி கெப்பார்ட் என்ற வித்வானுக்கு அவர்கள் எல்லாருக்கும் முன்பே பதிவு செய்ய அழைப்பு வந்ததாகவும், தன் வித்தையைப் பிறர் திருடிவிடுவார்கள் என்று மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். 1917-ல் முதல் ஜாஸ் தட்டு என்ற பெயரை ஒரு வெள்ளைக்காரக் கோஷ்டி தட்டிக்கொண்டு போயிற்று.

நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த காஞ்சிபுரத்தில் நயினாப் பிள்ளை; லயத்தில் சிங்கம். தட்டுக்குப் பாடமாட்டேன் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்து, 1934-ல் காலமானார். அவருடைய தாயாரின் சகோதரி தனகோடி அம்மாள் பாடிக் கொடுத்தார். பிள்ளையின் குரல் எப்படி இருந்தது என்று கேட்டவர்கள் எழுதிவைத்ததைப் படிக்கலாம், கேட்க முடியாது. தனகோடி அம்மாளின் குரல் இருக்கிறது, கடலை வறுபடும் சத்தத்தோடு.