வரவும் வருமானமும்

பெங்களூரிலும் கர்நாடக ராஜ்யத்தின் பிற நகரங்களிலும் பேக்கரி வைத்திருப்போர், பால் விற்போர், காய்கறிக் கடைக்காரர் முதலிய சிறு வியாபாரிகளுக்கு, அந்த ராஜ்யத்து வணிக வரி இலாகாவினர் 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஆயிரக்கணக்கான நோட்டீசுகளை அனுப்பியது நேயர்களுக்கு நினைவிருக்கும். அதன் பயனாகக் கடை வாசல்களில் தொங்கிய யு.பி.ஐ. அட்டைகள் கழற்றப்பட்டு, 'ரொக்கம் மட்டும்' என்ற காகிதங்கள் ஒட்டப்பட்டன. அப்போது எழுந்த ஆரவாரம் இப்பொழுது அடங்கிவிட்டது. ஆனால் அதற்குக் காரணமாயிருந்த சட்டப் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. சென்னையிலும் மதுரையிலும் அதே அட்டைதான் தொங்குகிறது. அதே சட்டந்தான் நடக்கிறது. ஆகவே இது அண்டை வீட்டுச் சண்டை என்று நாம் வாளாவிருப்பதற்கில்லை.

நடந்தது இதுவே. 2021-22 முதல் 2024-25 வரையிலுள்ள நான்கு வருஷங்களில் யார் யார் கணக்கில் யு.பி.ஐ. மூலம் எவ்வளவு பணம் சேர்ந்தது என்ற விவரத்தைப் பணம் கடத்தும் கம்பெனிகளிடமிருந்து இலாகாவினர் கேட்டு வாங்கினர். சரக்கு விற்போருக்கு வருஷத்தில் 40 லட்சம் ரூபாய், சேவை புரிவோருக்கு 20 லட்சம் ரூபாய் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தில் வரம்பு கட்டியிருக்கிறது. அவ்வரம்பைத் தாண்டியும் பதிவு செய்துகொள்ளாதவர்களுக்கு ஓலை பறந்தது. தகவல் கேட்க இலாகாவுக்கு அதிகாரம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வந்த ஓலைகளில் சிலவற்றைப் பாருங்கள். வட கர்நாடகத்தில் காய்கறி விற்று ஜீவிக்கும் ஒருவர் கணக்கில் நான்கு வருஷங்களில் 1 கோடியே 63 லட்சம் ரூபாய் வரவாயிற்று என்று காட்டி, அவரிடம் 29 லட்சம் ரூபாய் கேட்கப்பட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வெளியாயிற்று. இது ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஆகிறது. பசுங்காய்கறிகளுக்கோ ஜி.எஸ்.டி. வரியே கிடையாது!

வரவு வேறு, வருமானம் வேறு என்பது கணக்கெழுதும் சிறுவனுக்கும் தெரியும். கடைக்காரனுடைய டெலிபோனுக்கு வந்து சேரும் பணம் முழுவதும் அவன் விற்றுமுதலும் அன்று. விற்றுமுதல் முழுவதும் அவன் லாபமும் அன்று. மைத்துனன் திருப்பிக் கொடுத்த கடனும், சீட்டு எடுத்த பணமும், சில்லறை வேண்டி ஒருவர் டெலிபோனில் ஐந்நூறு அனுப்பிவிட்டுக் கையில் நோட்டாக வாங்கிக்கொண்டு போனதும் அந்த ஒரே கணக்கிலேதான் விழுகின்றன. வீட்டுக் கணக்கையும் கடைக் கணக்கையும் பிரித்து வைத்திருக்கும் சிறு வியாபாரி நூற்றுக்கு எத்தனை பேர் இருப்பர்? 40 லட்சம் என்பது காதுக்குப் பெருந்தொகையாகத் தோன்றும். நாளொன்றுக்கு வகுத்தால் 11,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. சந்தடியுள்ள தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு இது பெரிய வியாபாரம் அன்று. அதில் நூற்றுக்குப் பத்து மிஞ்சினால் அவன் பாக்கியசாலி.

சட்டத்தின் நுணுக்கம் ஒன்றை இங்கே எடுத்துச் சொல்லவேண்டும். வக்கீல்களுள்ளும் பலர் இதைக் கவனிப்பதில்லை. பால், ரொட்டி, காய்கறி போன்ற வரியில்லாச் சரக்குகளை மாத்திரம் விற்பவன் எத்தனை கோடிக்கு விற்றாலும் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே கடையில் வரிக்குட்பட்ட சரக்கு ஏதேனும் ஒன்றை வைத்தானாகில், வரம்பைக் கணக்கிடும்பொழுது வரியில்லாச் சரக்கின் விலையும் சேர்த்துக்கொள்ளப்படும். 38 லட்சத்துக்குப் பாலும் 3 லட்சத்துக்குப் பிஸ்கோத்தும் விற்ற ஒருவன் வரம்பைத் தாண்டியவனாகிறான். எனினும் அவன் கொடுக்கவேண்டிய வரி அந்த 3 லட்சத்தின் மேல்தான். டெலிபோன் கணக்கோ இரண்டையும் ஒன்றாகவே காட்டும். எது பால், எது பிஸ்கோத்து என்று அதற்குத் தெரியாது. அப்படியிருக்க, மொத்தத் தொகையின்மேல் வரியைப் போட்டு, 'அன்று என்று நீ ருஜுப்படுத்து' என்று கடைக்காரன் தலையில் பாரத்தை ஏற்றுவது எந்த நியாய சாஸ்திரத்தில் உள்ளது? நோட்டீஸ் என்பது விளக்கம் கேட்பதேயன்றித் தீர்ப்பு அன்று என்று இலாகாவினர் சொல்லலாம். சட்டப்படி அது மெய்யே. இங்கிலீஷில் அச்சிட்ட கடிதத்தில் லட்சங்களைக் கண்ட மனிதனுக்கு அந்தப் பேதத்தை எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்?

இவற்றையெல்லாம்விடக் கொடிது காலதாமதம். ஜி.எஸ்.டி. என்பது வாங்குகிறவனிடமிருந்து வசூலித்துச் சர்க்காருக்குக் கட்டவேண்டிய வரி. கடைக்காரன் இதில் வசூல்காரனே. 2021-இல் கேக் வாங்கிப் போனவரை 2025-இல் தேடிப் பிடித்து, 'ஐயா, அன்றைய வரியைக் கொடும்' என்று அவன் கேட்க முடியுமா? மேலும், வருஷத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய் வரையில் விற்கும் சிறு வியாபாரிகள் நூற்றுக்கு ஒன்று வீதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு சலுகைத் திட்டம் அதே சட்டத்தில் இருக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். கழிந்துபோன வருஷங்களுக்குக் கிடையாது. முதல் வருஷ முடிவிலேயே எச்சரித்திருந்தால் ஒன்று கட்டியிருப்பான். நான்கு வருஷம் பேசாமலிருந்துவிட்டுப் பிறகு முழு வரியும், வட்டியும், அபராதமும் கேட்பது, வேலியைத் திறந்து வைத்துவிட்டு மாட்டைப் பவுண்டில் அடைத்த கதையாக இருக்கிறது.

வரி ஏய்ப்போருக்கு நாம் பரிந்து பேசுவதாக எவரும் எண்ணவேண்டாம். வரம்பைத் தாண்டிய வியாபாரி பதிவு செய்துகொள்ளத்தான் வேண்டும். அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கத்துக்கு ஓடுவது தற்காப்பும் அன்று, யோக்கியமும் அன்று; ரொக்கத்தில் விற்றாலும் வரம்பு அதுவே. ஆனால் இந்த அட்டையை மாட்டச் சொன்னது யார் என்பதையும் மறந்துவிடலாகாது. 2016-ஆம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமற்போனதிலிருந்து, டெலிபோனில் பணம் வாங்குவதே தேசத் தொண்டு என்று உபதேசித்தவர் சர்க்கார். 2020 ஜனவரி முதல் இதற்குக் கட்டணமே கூடாதென்று உத்தரவிட்டவரும் அவரே. ரொக்கமாய் வந்ததில் 8 சதவிகிதத்தை லாபமென்று கொள்வோம், பாங்கி வழியே வந்ததற்கு 6 சதவிகிதமே போதும் என்று சிறு வியாபாரிகளுக்கு 2017-இல் வருமான வரிச் சட்டத்தில் சலுகை காட்டியவரும் அவரே. 2024-25-ஆம் வருஷத்தில் யு.பி.ஐ. மூலம் கைமாறிய தொகை சுமார் 261 லட்சம் கோடி ரூபாய். இத்தனையும் நம்பிக்கையின்மேல் எழுந்த கட்டடம்.

அமெரிக்காவில் இதே விவகாரம் வேறு விதமாக நடந்ததைச் சிறிது பார்ப்போம். 2008-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி, 2011 முதல், பணம் கடத்தும் கம்பெனிகள் தங்கள் மூலம் பணம் பெற்ற வியாபாரிகளின் மொத்த வரவை வருஷந்தோறும் வருமான வரி இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும். வருஷத்தில் 20,000 டாலருக்கு மேலும், 200 விற்பனைக்கு மேலும் இருந்தால்தான் இக்கட்டாயம். 2021 மார்ச்சில் காங்கிரஸ் சபை இதை ஒரேயடியாக 600 டாலராகக் குறைத்தது. உடனே கூக்குரல் எழுந்தது. பழைய நாற்காலியை நஷ்டத்துக்கு விற்ற இல்லத்தரசிக்கும் வரிப் பத்திரம் வருமே என்றனர். இலாகாவே 2022-க்கும் 2023-க்கும் விதியை ஒத்திப்போட்டது. 4 கோடியே 40 லட்சம் பத்திரங்கள் போகும், பெற்றவர்களில் பலருக்கு வரியே இராது, குழப்பந்தான் மிஞ்சும் என்று அதிகாரிகளே எழுதினர். 2024-க்கு 5,000 டாலர் என்றனர். முடிவில் 2025 ஜூலை 4-ந் தேதி கையெழுத்தான சட்டம் பழைய 20,000 டாலர், 200 விற்பனை வரம்பையே மீட்டுவிட்டது.

இந்த ஊசலாட்டம் பாராட்டத்தக்கதன்று. தகவல் சேகரிப்பதே தவறென்ற முடிவும் இதிலிருந்து கிடைக்காது. சம்பளம்போல் வரி பிடிக்கப்பட்டுத் தகவலும் தரப்படும் வருமானத்தில் நூற்றில் ஒரு பங்குதான் கணக்கிலிருந்து தப்புகிறதென்றும், தகவலே தரப்படாத இனங்களில் நூற்றில் 55 பங்கு தப்புகிறதென்றும் அந்த நாட்டு இலாகாவின் ஆராய்ச்சி கூறுகிறது. சம்பளக்காரன் ஒரு காசும் தப்பாமல் கட்ட, மற்றவன் மனம்போல் கட்டுவது சமநீதியாகாது. ஆனால் அமெரிக்க விதியில் நாம் கற்கவேண்டிய அம்சம் ஒன்று உண்டு. '1099-கே' என்ற அந்தப் பத்திரத்தின் பிரதி ஒன்று, மறு வருஷம் ஜனவரி 31-ந் தேதிக்குள் வியாபாரியின் கைக்கும் போய்ச் சேரவேண்டும். சர்க்கார் பார்க்கும் தாளை அவனும் பார்க்கிறான். தவறிருந்தால் கம்பெனியிடம் திருத்தம் கேட்கிறான். வரியைக் கட்டும் காலத்துக்கு முன்பே தன் நிலைமையை அறிகிறான். கர்நாடகத்து வியாபாரியோ தன் கணக்கை இலாகா படித்துவிட்டது என்பதையே நோட்டீஸ் வந்த நாளில்தான் அறிந்தான்.

கூச்சலைக் கேட்ட முதல் மந்திரி ஸ்ரீ சித்தராமையா, ஜூலை 23-ந் தேதி வியாபாரிகளை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை, இனிமேல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். நல்லதே. ஆயினும் மந்திரியின் வாக்கு சட்டமாகாது. இன்று ஒருவர் விட்டதை நாளை வேறொருவர் பிடிக்கலாம். பக்கத்து ராஜ்யத்துக்கு இந்த வாக்கு செல்லவும் செல்லாது. இதற்கிடையே, நோட்டீசுக்குப் பொறுப்பு மத்திய சர்க்காரே என்று ராஜ்ய மந்திரிகள் கைகாட்ட, அனுப்பியது ராஜ்ய அதிகாரிகளல்லவா என்று மத்திய மந்திரி ஸ்ரீ பிரல்ஹாத் ஜோஷி திருப்பிக் கேட்டார். ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு மத்திய சர்க்காருக்கும், இரண்டு பங்கு ராஜ்யங்களுக்கும் இருக்கின்றன. இருவருக்கும் இடமுள்ள சபையில் தீர்க்கவேண்டியதை இருவரும் தெருவில் நின்று தர்க்கித்தனர்.

அந்தக் கவுன்சில் செய்யவேண்டியது அதிகமில்லை. வருமான வரி இலாகாவினர் 2021 நவம்பர் முதல், தங்களிடம் சேர்ந்துள்ள வட்டி, பங்கு விற்பனை முதலிய விவரங்களை வருஷாந்தரத் தகவல் அறிக்கையாக வரி கொடுப்போருக்கே காட்டி, தவறிருந்தால் சொல்லவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கடைகளுக்குச் சேரும் யு.பி.ஐ. வரவையும் அவ்வாறே ஒவ்வொரு ஏப்ரலிலும் கடைக்காரனுக்கு அவன் தாய்மொழியில் அனுப்பவேண்டும். பத்து ரூபாய் வந்தாலும் உரக்கக் கூவுகிற பெட்டியைக் கடைதோறும் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு, 'உம்முடைய வரவு 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது, வரம்பு 40 லட்சம்' என்று ஒரு வாக்கியம் அறிவிப்பதில் கஷ்டம் இருக்கமுடியாது. அப்படித் தெரிவிக்காத வருஷங்களுக்கு, மோசடி ருஜுவானாலன்றி, வட்டியும் அபராதமும் கூடாது. முதன்முறையாகப் பதிவு செய்துகொள்ளும் சிறு வியாபாரிக்கு நூற்றுக்கு ஒன்று என்ற திட்டத்தைக் கழிந்த வருஷத்துக்கும் கொடுக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியிருப்பின் அதைக் கவுன்சில் அடுத்த கூட்டத்திலேயே சிபார்சு செய்யட்டும்.